பெயர் ஒன்றுதான், ஏன் பொருந்தவில்லை? ஸ்ட்ரிங் ஒப்பீட்டுச் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கம் கோயில் உறுப்பினர் பட்டியலுக்கும், தமிழ் வகுப்பு வருகைப் பதிவுக்கும், திருவிழா நன்கொடைக் கணக்குக்கும் சின்னச் சின்ன புரோகிராம் எழுதும் தம்பி தங்கைகளுக்காக இந்தப் பக்கம். நம் அட்டவணைகளில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். ஒரே ஆளுக்கு வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளியிலும் அலுவலகத்திலும் பர்மியப் பெயர். அதனால் வெளியூர்ப் பாடப்புத்தகம் சொல்லாத சிக்கல்கள் நமக்கு வருகின்றன. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கும் பொதுத் தரம்தான் யூனிகோட். அந்த எண்களை இங்கே பத்தின் அடிமான எண்ணாகவே தந்திருக்கிறேன்.

திரையில் இரண்டு பெயரும் அச்சு அசலாக ஒன்றாகத் தெரிகின்றன. புரோகிராம் மட்டும் வேறு வேறு என்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் கண்ணை நம்புவதை நிறுத்துங்கள். ஃபான்ட் காட்டுவதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கணினி ஒப்பிடுவது எண்களை. ஆகவே இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். பைதானில் ‘ஆர்டு’, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘கோட்பாயின்ட்அட்’, ஜாவாவில் ‘கோட்பாயின்ட்ஸ்’ இந்த வேலையைச் செய்யும். மறக்காமல் ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரின்) நீளத்தையும் அச்சிடுங்கள். நீளம் வேறுபட்டாலே பாதி விடை கிடைத்த மாதிரி.

‘பொன்னி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பில் அது 2986, 3018, 2985, 3021, 2985, 3007 என்று ஆறு எண்ணாக இருக்கும். இன்னொரு கோப்பில் 2986, 3014, 3006, 2985, 3021, 2985, 3007 என்று ஏழு எண்ணாக இருக்கும். முதலாவதில் ஒகரக் குறி ஒரே எழுத்து (3018). இரண்டாவதில் யாரோ ஒற்றைக் கொம்பையும் (3014) காலையும் (3006) தனித்தனியாக அடித்திருக்கிறார்கள். திரையில் இரண்டும் ‘பொன்னி’தான். யூடிஎஃப்-8 (யூனிகோட் எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) கோப்பில் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட்.

இந்த அச்சிடும் வேலையை ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதி எப்போதும் கையில் வைத்திருங்கள். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அதில் மாட்டும்.

இந்தக் கொம்பு, கால் சிக்கலை எப்படித் தீர்ப்பது?

இதற்கு யூனிகோடே வழி வைத்திருக்கிறது. ‘நார்மலைசேஷன்’ என்று பெயர். அதில் ‘என்எஃப்சி’ வடிவம், தனித்தனியாகக் கிடக்கும் குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும். 3014-உம் 3006-உம் சேர்ந்து 3018 ஆகும் (ஒகரம்). 3015-உம் 3006-உம் 3019 ஆகும் (ஓகாரம்). 3014-உம் 3031-உம் 3020 ஆகும் (ஔகாரம்). பைதானில் ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலில் ‘நார்மலைஸ்’ இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கோடும் அதே பெயரில் வருகிறது. ஜாவாவில் ‘நார்மலைசர்’ கிளாஸ்.

ஒப்பிடும் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி ஆக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு ‘இன்னும் வேலை செய்யவில்லையே’ என்று கேட்பவர்கள் நிறைய.

என்எஃப்சி செய்தாயிற்று. ‘கௌரி’, ‘ஸ்ரீதர்’, ‘குமார்’ மட்டும் இன்னும் பொருந்த மாட்டேன் என்கின்றன.

இங்கேதான் தமிழ் தெரிந்த ஆளின் உதவி வேண்டும். நார்மலைசேஷன், யூனிகோட் ‘சமம்’ என்று அறிவித்த ஜோடிகளை மட்டுமே ஒன்றாக்கும். நாம் கையால் செய்யும் தட்டச்சுப் பிழைகள் அதற்குத் தெரியாது.

‘கௌரி’ என்பதில் வர வேண்டியது ஔகாரக் குறி, 3020. ஆனால் பலர் ககரத்துக்குப் பிறகு ஒற்றைக் கொம்பைப் போட்டு, அப்புறம் ளகர எழுத்தையே (2995) அடிக்கிறார்கள். அது ‘கெளரி’. எழுத்துக்கூட்டிப் படித்தால் க்-எ-ள-ரி. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ‘ஔவை’க்குப் பதில் ஒகரமும் ளகரமும் போட்டு ‘ஒளவை’ என்று அடிப்பதும் இதே கதை. இதைத் திருத்தும்போது நிதானம் தேவை. கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் ‘தெளிவு’, ‘வெள்ளி’, ‘கெளுத்தி’ எல்லாம் சிதைந்துபோகும். அந்த ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதீர்கள். வெறும் ளகரமாக நின்றால் அநேகமாக ஔகாரம்தான். அப்போதும் தானாக மாற்றாமல், பட்டியலாக எடுத்து ஒருவர் பார்த்துச் சரி சொல்வது நல்லது.

‘குமார்’ கதை வேறு. பழைய தட்டச்சுப் பழக்கத்திலும், பழைய ஃபான்ட்களிலிருந்து மாற்றிய கோப்புகளிலும் ரகரத்துக்குப் பதில் கால் குறி உட்கார்ந்திருக்கும். ‘ர்’ வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் (3006, 3021), ‘ரி’ வர வேண்டிய இடத்தில் காலும் இகரக் குறியும் (3006, 3007). ‘குமாா்’ என்று இருப்பதை நீங்கள் பல முறை பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். இதைத் தயங்காமல் தானாகவே திருத்தலாம். கால் குறிக்குப் பின்னால் புள்ளியோ இகரக் குறியோ ஈகாரக் குறியோ சரியான தமிழில் வரவே வராது. வந்தால் அந்தக் கால், ரகரம்தான்.

‘ஸ்ரீ’யில் முதல் எழுத்து இரண்டு விதமாக இருக்கலாம்: ஸகரம் (3000), அல்லது 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரம் (2998). பெரும்பாலான ஃபான்ட்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் வரும். என்எஃப்சி இவற்றைச் சேர்க்காது. ஒப்பிடுவதற்கென்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை அதற்கு மாற்றிவிடுங்கள்.

தமிழ் எண் ஒன்றும் (3047) ககரமும் (2965) கூட இரட்டைப் பிள்ளைகள்தான். பெயர்களில் அபூர்வம், பழைய கணக்கேடுகளைத் தட்டச்சு செய்த கோப்புகளில் வரும்.

எண்களும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியும் ஜாவாவில் ‘சமம் இல்லை’ என்று வருகிறது.

இரட்டைச் சமக்குறி போட்டிருப்பீர்கள். ஜாவாவில் அது ‘இரண்டும் ஒரே பொருளா’ என்று கேட்கிறது, உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. ‘ஈக்வல்ஸ்’ பயன்படுத்துங்கள். நிரலுக்குள்ளேயே எழுதிய ஸ்ட்ரிங்களை ஜாவா பகிர்ந்து வைப்பதால் சோதனையில் சரியாக வந்து, கோப்பிலிருந்து படிக்கும்போது மட்டும் தவறும். பைதானில் ‘இஸ்’ போட்டாலும் இதே கதி. சி மொழியில் ‘ஸ்ட்ர்கம்ப்’ சமமாக இருந்தால் பூஜ்யம் தரும். அதை நேராக ‘இஃப்’பில் வைத்தால் விடை தலைகீழாகிவிடும்.

முதல் வரி மட்டும் பொருந்தவில்லை. அல்லது கடைசி எழுத்துக்குப் பிறகு ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். முதல் வரி என்றால் 65279-ஐத் தேடுங்கள். எக்செல்லில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் கோப்பின் தலையில் அது வந்து உட்காரும். அதனால் முதல் பத்தியின் (நெடுவரிசையின்) தலைப்பு ‘பெயர்’ என்று தெரிந்தாலும் ‘பெயர்’ ஆகாது. பைதானில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் போய்விடும்.

கடைசியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் 13. விண்டோஸ் கோப்புகளில் வரி முடிவு 13, 10 என்று இரண்டு எழுத்து. 10-ஐ மட்டும் நீக்கினால் 13 மிஞ்சும்.

இடைவெளி என்று நாம் நினைப்பதும் ஒன்றல்ல. சாதாரண இடைவெளி 32. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்தால் 160 வரும். எக்செல்லின் ‘ட்ரிம்’ இந்த 160-ஐத் தொடாது. பைதானின் ‘ஸ்ட்ரிப்’ அதை நீக்கும், ஆனால் 8203-ஐ விட்டுவிடும். நமக்கு முக்கியமானது இந்த 8203. பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லாததால், வரி எங்கே உடையலாம் என்று காட்ட அகலமே இல்லாத இந்த இடைவெளியை நடுவில் போடுவார்கள். பர்மியப் பெயரை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் இதுவும் கூடவே வரும், அதுவும் பெயரின் நடுவில். ‘ஸ்ட்ரிப்’ ஓரங்களை மட்டுமே பார்க்கும், ‘ட்ரிம்’ சாதாரண இடைவெளியை (32) மட்டுமே பார்க்கும். தனியாகத் தேடி நீக்க வேண்டும்.

8204, 8205 இரண்டும் பக்கத்து எழுத்துகள் சேராமலோ சேர்ந்தோ வரச் செய்யும், கண்ணுக்குத் தெரியாத குறிகள். அவற்றை அவசரப்பட்டு மூலத்திலிருந்து அழிக்க வேண்டாம். ‘க்ஷ’ என்று கூட்டெழுத்தாக வராமல் இருப்பதற்காக ஒருவர் வேண்டுமென்றே 8204 போட்டிருக்கலாம். ஒப்பிடும் நகலில் மட்டும் நீக்குங்கள்.

பர்மியப் பெயர்ப் பத்தியில் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. சில கணினிகளில் பெயர்கள் குழம்பியும் தெரிகின்றன.

ஜோஜி. இந்த நாட்டில் ஸ்ட்ரிங் ஒப்பீடு என்றாலே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கோப்பு ஜோஜியா, யூனிகோடா?

ஜோஜி ஃபான்ட், யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண் வரிசையை (4096 முதல் 4255 வரை) எடுத்துக்கொண்டு, தன் வசதிக்கு வேறு பொருள் கொடுத்தது. ஷான், மோன், கரேன் மொழிகளுக்கென ஒதுக்கிய இடங்களில்கூட பர்மிய எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை வைத்தது. நாட்டில் பெரும்பாலான போன்களும் கணினிகளும் பல வருஷம் அதில்தான் ஓடின. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அதற்கு முந்தைய பட்டியல்கள் அப்படியேதான் இருக்கின்றன. நம் சங்கங்களின் பழைய கோப்புகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தவை.

எப்படிக் கண்டுபிடிப்பது? எண்களை அச்சிட்டால் இரண்டு அடையாளங்கள் தெரியும். பர்மிய ஏகாரக் குறியின் எண் 4145. நம் ஒற்றைக் கொம்பு மாதிரி அதுவும் மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் தெரியும். யூனிகோடில் அதை மெய்க்குப் பிறகுதான் சேமிக்க வேண்டும். ஜோஜியில் கண்ணுக்குத் தெரிகிறபடியே முன்னால் சேமிப்பார்கள். ஆகவே ஒரு பெயர் 4145-இல் தொடங்கினால் அது ஜோஜி. தமிழிலும் டிஸ்கி முதலான பழைய குறியீடுகளில் ‘கொ’வைக் கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில்தான் வைத்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இரண்டாவது அடையாளம் 4153. யூனிகோடில் அது எழுத்தின் கீழ் எழுத்தை அடுக்கப் பயன்படும் குறி. அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு மெய் வர வேண்டும். ஜோஜியில் அதே எண், மெய்யின் உயிரை அடக்கும் குறியைக் குறிக்கும். நம் புள்ளியின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் கடைசியில் 4153 நின்றால் ஜோஜிதான். யூனிகோடில் அந்த வேலைக்கு 4154.

கூகுள் வெளியிட்ட ‘மியான்மர் டூல்ஸ்’ என்ற இலவச நிரல் தொகுப்பு, ஒரு உரை ஜோஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை எண்ணாகத் தரும், மாற்றியும் கொடுக்கும். பெயர்கள் சின்னவை என்பதால் ஒவ்வொரு பெயராகக் கொடுத்தால் தடுமாறும். நான் சொல்வது, கோப்பு கோப்பாக முடிவு செய்யுங்கள். ஒரே ஆள் ஒரே கணினியில் அடித்த பத்தி முழுவதையும் சேர்த்துக் கொடுத்தால் விடை தெளிவாக வரும். பல பேர் பல போன்களிலிருந்து அனுப்பிய பெயர்கள் கலந்த பத்தி என்றால், அனுப்பியவர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதற்கப்புறம் என்எஃப்சி. வரிசை மாறினால், ஜோஜி உரையின் மேல் என்எஃப்சி ஓடி, குறிகளின் வரிசையைக் கலைத்துவிடக்கூடும்.

எல்லாமே யூனிகோட்தான். அப்படியும் சில பர்மியப் பெயர்கள் பொருந்தவில்லை.

குறிகளை அடித்த வரிசை. கீழ்ப்புள்ளி (4151), உயிரை அடக்கும் குறி (4154) இரண்டும் ஒரே எழுத்தில் வந்தால் எதை முதலில் அடித்தாலும் திரையில் ஒன்றுதான். இதை என்எஃப்சி 4151, 4154 என்று ஒழுங்குபடுத்திவிடும். ஆனால் இகரக் குறி (4141), உகரக் குறி (4143) இரண்டும் சேர்ந்து வரும்போது அது ஒன்றும் செய்யாது. சரியான வரிசை 4141, 4143. மாறி வந்தால் நீங்களே திருப்பிப் போட வேண்டும்.

தொலைபேசி எண்கள் எப்படிப் பொருந்தாமல் போகும்? எண்தானே?

பர்மிய எண் பூஜ்யமும் (4160) பர்மிய வகர எழுத்தும் (4125) ஒரே வட்டம். நம் ஊர் கைபேசி எண்கள் எல்லாம் 09-இல் தொடங்குகின்றன. அந்த முதல் பூஜ்யத்துக்குப் பலர் வகரத்தை அடித்துவிடுகிறார்கள். ஏழும் (4167) ரகரமும் (4123) இதே மாதிரி குழப்பும். அடையாள அட்டை எண்ணிலும் இது நடக்கிறது. அங்கே மாநில எண், சாய்கோடு, நகரத்தின் எழுத்துகள், அடைப்புக்குறி, கடைசியில் ஆறு இலக்கம் என்று எண்ணும் எழுத்தும் கலந்து வருவதால் தேடுவது இன்னும் கடினம். ரங்கூன் என்றால் 12, மோன் மாநிலம் 10, பெகு 7 என்று தொடங்கும்.

தொலைபேசிப் பத்தியில் எழுத்தே வரக்கூடாது என்பதால் அங்கே தைரியமாக வகரத்தைப் பூஜ்யமாகவும் ரகரத்தை ஏழாகவும் மாற்றுங்கள். பிறகு எல்லா எண்ணையும் 0 முதல் 9 வரையான சாதாரண எண்ணாக ஆக்குங்கள். இடைவெளி, கோடுகளை நீக்கிவிட்டு, +95-இல் தொடங்கினால் அதை 0 ஆக்குங்கள். அட்டை எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னாலும் அடைப்புக்குறிக்குப் பின்னாலும் உள்ள பகுதியில் மட்டும் இதைச் செய்யலாம். நடுவில் உள்ள நகர எழுத்துகளைத் தொட்டால் கெட்டது.

ஒரு எச்சரிக்கை. பைதானின் ‘இன்ட்’ பர்மிய எண்ணையும் தமிழ் எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘நம்பர்’ ஏற்காது. ஆகவே ஒரே தரவு சர்வரில் சரியாகவும் பிரவுசரில் பிழையாகவும் தெரியலாம். தொலைபேசி எண்ணை எண்ணாக மாற்றி ஒப்பிடவே வேண்டாம், முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும்.

நிரலில் சமம் இல்லை என்கிறது, டேட்டாபேஸில் தேடினால் கிடைக்கிறது. எது சரி?

இரண்டும் தத்தம் விதிப்படி சரி. டேட்டாபேஸ் ‘காலேஷன்’ என்ற விதியை வைத்து எந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய காலேஷன்கள் கடைசி இடைவெளியைக் கண்டுகொள்ளாது. 8.0 பதிப்பில் இயல்பாக வரும் புதியது கண்டுகொள்ளும். பதிப்பை உயர்த்திய மறுநாள் ‘நேற்று வரை கிடைத்த பெயர் இன்று காணோம்’ என்றால் முதலில் இதைப் பாருங்கள். எஸ்க்யூலைட் இயல்பாக பைட் பைட்டாக ஒப்பிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காத அதன் ‘நோகேஸ்’ ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு மட்டும்தான். சிக்கலைத் தேடும் நேரத்தில் பைனரி காலேஷன் வைத்து ஒரு முறை தேடிப் பார்த்தால் குற்றவாளி தரவா, விதியா என்று தெரிந்துவிடும்.

பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் தவறாக வருகிறதே?

எண் வரிசை வேறு, நம் அகர வரிசை வேறு. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது, நம் வரிசையில் அது கடைசி மெய். ஜகரமும் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்துவிடும். ‘ஐசியூ’ என்ற நிரல் நூலகத்தில் தமிழுக்கான வரிசை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘இன்டல்’ வழியாக அதையே பயன்படுத்தலாம்.

‘ஊ’, ‘கோ’, ‘டோ’ போட்டு எழுதிய பெயரையும் போடாமல் எழுதிய பெயரையும் எப்படிச் சேர்ப்பது? கிட்டத்தட்டப் பொருந்தினால் போதும் என்று வைத்துவிடலாமா?

முதல் பாதிக்கு விடை, படிவத்திலேயே மரியாதை அடைமொழிக்குத் தனிக் கட்டம் வையுங்கள். ஒரே மனிதர் இளைஞராகப் பதிவு செய்தபோது ‘கோ’, இருபது வருஷம் கழித்து ‘ஊ’. பெண்களுக்கு ‘மா’, பிறகு ‘டோ’. பர்மியத்தில் அடைமொழி பெயரோடு ஒட்டியே எழுதப்படுவதால் பின்னால் வெட்டி எடுப்பது ஆபத்து. ‘மா’ என்று தொடங்கும் பெயரெல்லாம் அடைமொழி கொண்டதல்ல. இன்னொன்று: ‘ஊ’ என்ற அடைமொழியின் பர்மிய எழுத்தே (4134) இரண்டு துண்டாக, 4133, 4142 என்றும் வரும். என்எஃப்சி அதைச் சேர்த்துவிடும்.

இரண்டாம் பாதிக்கு என் விடை, கூடாது. இரண்டு பெயருக்கும் எத்தனை எழுத்து வித்தியாசம் என்று கணக்கிடும் லெவன்ஷ்டைன் முறை நல்ல கருவிதான். முத்து என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒற்றை ‘யூ’ போட்டும் இன்னொருவர் இரட்டை ‘ஓ’ போட்டும் எழுதும்போது, அந்த இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து காட்ட அது உதவும். ஆனால் ‘கமலா’வுக்கும் ‘கமலி’க்கும் ஒரே ஒரு குறிதான் வித்தியாசம். அக்காவும் தங்கையுமாக ஒரே வகுப்பில் இருப்பார்கள். இயந்திரம் அவர்களை ஒருவராக்கிவிட்டால் ஒரு பிள்ளையின் வருகையும் மதிப்பெண்ணும் காணாமல் போகும். அந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது? கிட்டத்தட்டப் பொருந்தும் பெயர்களைப் பட்டியலாக எடுத்து, அந்தக் குடும்பங்களைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். கோயிலில் அப்படி ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார்.

இத்தனை திருத்தத்தையும் எங்கே வைப்பது? ஒவ்வொரு ஒப்பீட்டிலும் எழுதிக்கொண்டே இருக்க முடியுமா?

வேண்டாம். அட்டவணையில் ஒரு பெயருக்கு இரண்டு பத்தி வையுங்கள். ஒன்றில் அவர் எழுதித் தந்தபடியே பெயர். அதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள், ரசீதிலும் சான்றிதழிலும் அதுதான் அச்சாக வேண்டும். ஒருவர் தன் பெயரை ஶகரம் போட்டு எழுதினால் அது அவர் உரிமை. இன்னொன்று ஒப்பீட்டுக்கான பத்தி. பெயர் உள்ளே வரும்போதே ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாக அதை உருவாக்குங்கள்: ஜோஜி மாற்றம், என்எஃப்சி, கண்ணுக்குத் தெரியாத எழுத்து நீக்கம், கால்-ரகரத் திருத்தம், ஸ்ரீ, ஆங்கிலம் என்றால் ‘கேஸ்ஃபோல்ட்’ (பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை நீக்குவது). கடைசியில் இன்னொரு முறை என்எஃப்சி, ஏனென்றால் நடுவில் எழுத்து நீக்கியதால் புதிதாகச் சேர வேண்டிய குறிகள் பக்கத்தில் வந்திருக்கலாம். தேடுவது, இரட்டைப் பதிவு பார்ப்பது எல்லாம் இந்தப் பத்தியில்தான்.

அந்த ஃபங்ஷனுக்குச் சோதனை எழுதும்போது பொருந்த வேண்டிய ஜோடிகளை மட்டும் வைத்தால் போதாது. இரண்டு விதமாக அடித்த ‘பொன்னி’ பொருந்த வேண்டும், ‘குமார்’ பொருந்த வேண்டும். கூடவே ‘தெளிவு’ மாறாமல் வெளியே வர வேண்டும், ‘கமலா’வும் ‘கமலி’யும் பொருந்தவே கூடாது. சோதனைக் கோப்பில் இந்த எழுத்துகளை நேரடியாக அடிக்காமல் எண்களாகவே எழுதுங்கள். உங்கள் எடிட்டரோ, கோப்பை நகலெடுக்கும் நண்பரின் கணினியோ அவற்றைச் சத்தமில்லாமல் என்எஃப்சி ஆக்கிவிட்டால், சோதனை எதையும் சோதிக்காமலேயே பச்சை காட்டும்.